நாரில்லாத சுளைகள்

தோகிஷிமா தீவு
நவம்பர் 20

பனிநாட்டுப் பல்லரசி, என் ஒரே மருமகள் கனாயேவுக்கு,

நலம் விசாரிப்பதுதான் முறை. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சத்தியம். வலது கையைப் பழப்பெட்டியின் மேல் வைத்துச் சொல்கிறேன்: இந்தக் குளிர்காலத்தில் நான் உனக்கு எழுதப்போகிற கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய். உன் அம்மா தொமோயே, என்னோடு பிறந்த அக்கா, நிச்சயம் நம்பமாட்டாள். எழுதுகிற எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

இனி நலம். நான் சௌக்கியம். முழங்கால் சௌக்கியமில்லை, ஆனால் அதை நான் என் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே ஒபிஹிரோவில் இந்நேரம் பனி விழுந்திருக்கும். ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்கிற உனக்கு இருமல் நின்றதா?

இத்துடன் ஒரு பெட்டி கமலாப்பழம். இந்த வருஷ விளைச்சலைப் பற்றி அடக்கமாகச் சொல்கிறேன்: என் பெட்டிகளை ஏற்றியதும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பயணிகள் எல்லாரும் மறுபக்கம் போய் உட்கார்ந்தும் போதாமல், கோயிலிலிருந்து குண்டு பிட்சுவைத் தூக்கி வந்து வைத்த பிறகுதான் நேரானது.

பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ஷூஹெய் என்றொருவன் உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறானாமே? நீ "யோசிச்சுச் சொல்றேன்" என்றாயாமே? அக்கா தொலைபேசியில் சொன்னாள். சொல்லிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினாள். அவளுக்கு வானிலையில் அக்கறை வந்தால் எங்கோ இடி விழப்போகிறது என்று அர்த்தம்.

கல்யாண விஷயத்தில் நான் வாய் திறக்கக் கூடாது. என் முத்திரையின் புகழ் அப்படி. விவாகரத்துப் படிவத்தில் இரண்டு சாட்சிகள் முகவரி எழுதி முத்திரை குத்தினால், நகராட்சி அலுவலகத்தில் வாங்கிக்கொள்வார்கள், வழக்கில்லை, வக்கீலில்லை. நம் வீட்டில் முதல் சாட்சி எப்போதும் நான்தான். என் அம்மாவுக்குக் குத்தினேன், உன் அம்மாவுக்குக் குத்தினேன். என்னுடையதற்கு மட்டும் நானே சாட்சியாக முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் அது ஒரு குறை.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிச் சட்டை இரண்டாகப் போட்டுக்கொள்.

உள்கடலின் கமலாப்பழச் சக்கரவர்த்தி,
உன் இஸாகு மாமா


ஒபிஹிரோ
டிசம்பர் 4

மாமாவுக்கு,

குளிர் இங்கே மைனஸ் பதினாறு. இருமல் நின்றுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? பிட்சு சௌக்கியமா?

பழங்களுக்கு நன்றி. ஷூஹெய் வந்த அன்றைக்கே பதினாலு தின்றான். நல்லவன், மாமா. காலையில் வேலைக்குப் போகிற வழியில் என் வாசல் பனியை மட்டும் யாருக்கும் தெரியாமல் தள்ளிவிட்டுப் போவான். எதிர்வீட்டுக் கிழவர் நகராட்சிக்குப் புகார் எழுதிவிட்டார்.

அவனுக்கு மார்ச் முடிவுக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். ஏப்ரலில் அவன் வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிகிறது. பதில் என் நாக்கு நுனி வரை வருகிறது, அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

போன வாரம் அம்மாவிடமிருந்து பார்சல் வந்தது. கம்பளி வயிற்றுப்பட்டை, உலர்ந்த காளான், அதற்கடியில் ஓர் உறை. உள்ளே பச்சைக் கோடு போட்ட விவாகரத்துப் படிவம். என் பெயர் இல்லை, ஷூஹெய் பெயர் இல்லை. சாட்சிகள் இடம் மட்டும் நிரம்பியிருக்கிறது. முதல் சாட்சி நீங்கள். முத்திரை சிவப்பாக, அழகாக, கொஞ்சமும் கோணாமல்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "குடை மாதிரி வச்சுக்கோடி. மழை வராட்டி விரிக்க வேண்டாம்" என்றாள்.

"நான் இன்னும் வீட்டை விட்டே கிளம்பலையேம்மா!"

"கிளம்பினப்புறம் குடைக்கு எங்க ஓடறது?"

மாமா, ஒரே ஒரு கேள்வி. திமிங்கிலக் கதை, பிட்சு கதை எதுவும் இல்லாமல் பதில் சொல்லுங்கள். பாட்டி, அம்மா, நீங்கள். மூன்று பேர். இது நம் இரத்தத்தில் இருக்கிறதா? இருந்தால் ஷூஹெயிடம் இப்போதே முடியாது என்று சொல்லிவிடுவேன். என் வாசலில் அவன் பனி தள்ளுகிற சத்தம் கேட்டு எழுந்து பழகிவிட்டேன். இன்னும் பழகினால் பிறகு தாங்காது.

கழுத்தில் துண்டு சுற்றிக்கொள்ளாமல் தோட்டத்துக்குப் போகாதீர்கள்.

கனாயே


தோகிஷிமா தீவு
டிசம்பர் 12

அழகு முத்திரையைப் பாராட்டிய அறிவுடைய மருமகளுக்கு,

பிட்சு சௌக்கியம். படகில் வைத்ததிலிருந்து தனக்கு மாதச் சம்பளம் வேண்டுமென்கிறார். நீ எப்படி இருக்கிறாய்?

கேள்விக்குப் பதில் சொல்வதற்குமுன் நீ பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் சத்தியம் செய்த கதை இதுதான்.

முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மாதம், உன் அப்பா யோஷிகியும் உன் அம்மாவும் பிரிவதென்று முடிவு செய்து தீவுக்கு வந்தார்கள். நான் சாட்சி எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கை தவறிவிட்டது. என் மனை எண் 1247. நான் 1274 என்று எழுதிவிட்டேன்.

தீவு அலுவலகத்தில் அப்போது ஓக்குபோ என்று ஒருவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "இஸாகு வீடு 1247 இல்லையா? 1274 கோயில் கழிப்பறையாச்சே. கழிப்பறை சாட்சி சொன்னா நான் எப்படி வாங்கறது? எழுதினவரே வந்து திருத்தணும்" என்றார்.

எழுதினவரோ அதற்குள் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துப் புயல்! சாதாரணப் புயலா? கோழி போட்ட முட்டை காற்றில் திரும்பிக் கோழிக்குள்ளேயே போனது. ஊருக்குள் பறந்து வந்த ஒரு கப்பலைக் கயிறு போட்டு ஆரம்பப் பள்ளியின் கொடிக்கம்பத்தில் கட்டினோம். படகு நான்கு நாள் ஓடவில்லை. பிரிய வந்த இருவரும் என் வீட்டில், அடியில் கணப்பு வைத்த ஒரே மேசை, அதன்மேல் ஒரே போர்வை. கடலிலிருந்து நான் திரும்பியபோது, "படிவத்தைத் திருத்த வேண்டாம், மாப்ளே" என்றான் யோஷிகி. ஆகஸ்டில் நீ பிறந்தாய்.

ஆகவே கனாயே, நீ ஒரு கைத்தவறின் மகள். இந்த நாட்டில் அலுவலகப் பிழையால் பிறந்த ஒரே பிரஜை. இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாயே, நம் இரத்தம் கமலாப்பழ நிறம், அதற்குமேல் எனக்குத் தெரியாது.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

மாமா

பின்குறிப்பு: அந்தப் பையன் பழத்தைத் தானே உரித்துத் தின்கிறானா, நீ உரித்துக் கொடுக்கிறாயா? சும்மாதான் கேட்கிறேன்.


ஒபிஹிரோ
ஜனவரி 6

மாமாவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். அரிசிப் பணியாரத்தைச் சின்னதாக வெட்டிச் சாப்பிட்டீர்களா? தொண்டையில் சிக்கிக்கொள்ளும், தனியாக இருக்கிறீர்கள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன், நீங்கள் ஒரு புயல் அனுப்பினீர்கள். அம்மாவிடம் சொன்னேன். "நவம்பர்ல எந்த ஊர்ல புயல் வருது? லேசாத் தூறிச்சு. படகு இன்ஜின் ரிப்பேர், அதான் நாலு நாள்" என்றாள். அப்புறம், "உங்க மாமா வாய்ல உண்மை வந்தா, அது வழி தப்பி வந்ததாத்தான் இருக்கும்" என்றாள். எனக்கு ஆறு வயதானபோது ஏன் மறுபடி பிரிந்தார்கள் என்று கேட்டேன். "ஒரு சண்டை கிடையாது எங்களுக்குள்ள" என்றாள் பெருமையாக. அதுதான் பதில் மாதிரி.

உங்கள் பின்குறிப்புக்கு: நான்தான் உரித்துக் கொடுக்கிறேன். நார் ஒன்று விடாமல். மெழுகில் பல் செதுக்குகிற கை அல்லவா. ஷூஹெய் வண்டி ஓட்டுகிற நண்பர்களிடமெல்லாம், "எங்க கனாயே உரிச்சா சுளை வழியா வெளிச்சம் தெரியும்டா" என்று பெருமையடிக்கிறான்.

புது வருஷத்துக்கு அவன் அம்மாவைப் பார்க்கப் பண்ணைக்குப் போனோம். ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கே என் முன்னாலேயே, "கல்யாணத்துக்கப்புறம் நாங்க இங்கயே வந்துடறோம்மா" என்றான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பல் செய்கிற பட்டறையைப் பற்றி அவன் நினைக்கக்கூட இல்லை. பெரியவர்கள் முன்னால் என்ன சொல்வது? அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவனுக்குப் பத்தொன்பது பழம் உரித்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் தின்றுவிட்டு, "நான் கொடுத்து வெச்சவன்" என்றான்.

இதையெல்லாம் ஏன் கேட்டீர்கள்?

கனாயே


(தபால் அட்டை)
ஜனவரி 13

கனாயே,
பத்தொன்பதா? சரியாக எண்ணினாயா?
மாமா


ஒபிஹிரோ
பிப்ரவரி 3

மாமாவுக்கு,

உடம்புக்கு என்ன? ஒற்றை வரி அட்டைக்குப் பிறகு மூன்று வாரமாகக் கடிதமில்லை. நீங்கள் நலம் விசாரிக்காமல் எழுதியது இதுதான் முதல் தடவை. அதனால்தான் பயமாக இருக்கிறது. தொலைபேசியை எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு மீன்காரரைக் கேட்டால், "தோட்டத்துல பெட்டிமேல உட்கார்ந்திருக்காரும்மா. கதை சொல்லலை. எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்கிறார்.

பத்தொன்பதுதான். தோல்களை எண்ணினேன்.

நான் முடிவு செய்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். ஷூஹெயிடம் முடியாது என்று சொல்லப்போகிறேன். காரணம் கேட்பான். என்ன சொல்வது? எங்கள் வீட்டில் கல்யாணம் நிலைக்கிற வழக்கமில்லை என்றா? அம்மா அனுப்பிய படிவம் மேசை இழுப்பறையில், மாதிரிப் பல் வரிசைகளுக்கு அடியில் இருக்கிறது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் பல் எல்லாம் சிரிக்கின்றன.

அட்டையாவது போடுங்கள்.

கனாயே


தோகிஷிமா தீவு
பிப்ரவரி 11

கனாயேவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னைப் பயமுறுத்தியதற்கு மன்னித்துவிடு. இந்தக் கடிதத்தை எட்டு முறை எழுதினேன். ஏழு முறையும் நடுவில் ஒரு திமிங்கிலம் வந்துவிட்டது.

என் அம்மா என் அப்பாவோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அவர் எது சொன்னாலும் "சரிங்க" என்பாள். பிறகு கணப்பு மேசைக்குள் கால் நீட்டி உட்கார்ந்து கமலாப்பழம் உரிப்பாள். தோலோடு நிறுத்தமாட்டாள். வெள்ளை நாரை நகத்தால் ஒவ்வொன்றாக இழுத்து, சுளை கண்ணாடியாகிறவரை. சாதாரண நாளில் அவள் உரித்தால் நார் இருக்கும். நாங்கள் பிள்ளைகள் தட்டைப் பார்த்தே வீட்டு நிலவரம் தெரிந்துகொள்வோம். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. "என்ன கைப்பக்குவம்!" என்று தின்பார். எனக்கு இருபது வயது நிறைந்தபோது அம்மா இந்த முத்திரையைப் பரிசாகக் கொடுத்தாள். மறுவாரம் அதற்கு முதல் வேலையும் கொடுத்தாள். சாட்சிக்கு வயது வந்த ஆள் வேண்டுமே. அதற்குத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது.

பிறகு அக்கா. அவர்கள் படிவத்தோடு தீவுக்கு வருவதற்கு முந்தின வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். யோஷிகி தட்டைக் காட்டினான். "மாப்ளே, உங்க அக்கா கை இருக்கே, ராஜாவுக்குக்கூட இப்படி உரிச்சுத் தரமாட்டாங்க. இன்னிக்கு மட்டும் முப்பத்திரண்டு!" நல்லவன். வாயெல்லாம் சாறு. 'அத்தான், அது பாசம் இல்லை, கோபம். ஓடிப்போய் என்னன்னு கேளுங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு ஆமைக் கதை சொன்னேன். மூவரும் சிரித்தோம்.

நான் பார்த்தேன், கனாயே. நன்றாகத் தெரிந்தே பார்த்தேன்.

இரண்டாவது தடவை, உனக்கு ஆறு வயதானபோது, அக்கா தனியாக வந்தாள். நான் எழுதும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எழுதி முடித்ததும் ஒரு பழத்தை உரித்து என் முன்னால் வைத்தாள். நார் ஒன்றுகூட இல்லை. தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

மீதி சாயோ. உனக்கு நினைவிருக்கும், என் மனைவியாக இருந்த உன் அத்தை, உனக்குச் சிவப்பு மழைச்சட்டை வாங்கிக் கொடுத்தவள். நம் வீட்டில் உரிக்கிற ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். அவள் கெட்டிக்காரி, ஒரே வருஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தட்டை என் பக்கம் திருப்பித் தள்ளி, "என்ன கோபம்? சொல்லுங்களேன். திட்டத்தான் திட்டுங்களேன்" என்றாள். நான் ஒரு ஆக்டோபஸ் என் குடையைத் திருடிய கதை சொன்னேன். சிரித்தாள். அப்படி ஒன்பது வருஷம் சிரித்தாள். அப்புறம் ஒருநாள் கதை முடிந்தும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரத்தமா என்று கேட்டாய். இரத்தத்தைப் பற்றி மருத்துவரைக் கேள். நான் பார்த்தவரை அது விரல் நகத்தில்தான் இருக்கிறது.

ஷூஹெயிடம் நீ என்ன சொல்ல வேண்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருபது பழத்துக்குள் சொல்.

துண்டு சுற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மாமா


ஒபிஹிரோ
பிப்ரவரி 25

மாமாவுக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அந்தக் கடிதத்தை எழுதிவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள் என்று தெரியும். பார்சலில் உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வைத்திருக்கிறேன். நான்கு நாள் அழுதேன், ஐந்தாம் நாள் சளி பிடித்தது, இப்போது இரண்டும் இல்லை.

அம்மா எனக்குப் பழம் உரித்துக் கொடுத்ததை நினைத்துப் பார்த்தேன். நார் இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. இல்லாத நாட்களில் அவள் மடியில் போய்ப் படுத்துக்கொள்வேன், இன்று அம்மாவுக்கு என்மேல் எவ்வளவு ஆசை என்று.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஒரு முழுப் பழத்தை உரிக்காமல் அப்படியே ஷூஹெய் கையில் வைத்தேன். ஏதோ பெரிய புரட்சி செய்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலா? கை வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு, அதை உரித்து என் வாயில் ஊட்டினான். நான் சொல்ல நினைத்ததெல்லாம் சுளையோடு உள்ளே போய்விட்டது.

முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆகவே சரி என்று சொல்லிவிட்டேன். இது சரியான காரணமா என்று கேட்காதீர்கள். பண்ணை விஷயத்தை இன்னும் பேசவில்லை.

மார்ச் 8 நல்ல நாள். அன்று பதிவு செய்கிறோம். கல்யாணப் படிவத்துக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று அவனோடு வண்டியில் உட்காருகிற நண்பர். இன்னொன்று நீங்கள். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரித்துவைத்தே பழகிய முத்திரை, ஒரு தடவை சேர்த்தும் வைக்கட்டும்.

அன்று கைப்பையில் இரண்டு உறையும் இருக்கும். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

கனாயே


தோகிஷிமா தீவு
மார்ச் 2

மணமகளாகப்போகும் மாட்சிமை தங்கிய மருமகளுக்கு,

உருளைக்கிழங்கு கிடைத்தது. அதில் ஒன்று பிட்சு ஜாடையில் இருந்ததால் தின்ன மனம் வரவில்லை. உடம்பு தேறிவிட்டது, உன் சளி திரும்பவில்லையே?

படிவம் இத்துடன். வரலாற்றில் எந்தப் படிவமும் இப்படி எழுதப்பட்டதில்லை. ஏழு முறை கை கழுவினேன். தீவிலிருந்த பூனைகளை எல்லாம் வெளியூர் அனுப்பினேன். முத்திரை விழுந்த சத்தம் எதிர்க்கரை வரை கேட்டு, அங்கே இரண்டு பேர் சமாதானமாகிவிட்டார்களாம்.

கைப்பையை மழையில் நனையாமல் பார்த்துக்கொள். இரண்டு உறையையும்தான்.

சந்தோஷத்தில் அரைக்கால் அடி வளர்ந்துவிட்ட
மாமா


ஒபிஹிரோ
மார்ச் 9

மாமாவுக்கு,

சௌக்கியமா என்று பிறகு கேட்கிறேன். 1274!

நேற்றுக் காலை நகராட்சி அலுவலகம். நான் அம்மாவின் முத்துமாலை, ஷூஹெய் மாமனார் சாவுக்குப் போகிறவன் மாதிரி ஒரு கறுப்புக் கோட்டு. கவுண்டர் அம்மா படிவத்தை வாங்கி, கணினியில் தட்டி, முகம் மாறி, தீவுக்குத் தொலைபேசி செய்தார். திரும்பி வந்து, "மன்னிக்கணும், முதல் சாட்சியோட மனை எண் 1274ன்னு இருக்கு. அது... ஒரு கோயில் கழிப்பறையாம். அவரே திருத்திக் கொடுக்கணுமே" என்றார்.

நீங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னவோ தோன்றி, கைப்பையிலிருந்து இன்னொரு உறையை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 1274! அம்மா கொடுத்த குடையில் ஓட்டை போட்டு வைத்திருந்தது நீங்கள்தானா?

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே சமயம் ஷூஹெய், "பரவாயில்ல விடு. சாயங்காலம் பண்ணைக்குப் போறோம்ல, அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். மாடி ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்காங்களாம்" என்றான்.

பையில் ஆறு பழம் இருந்தது. உரித்தேன். நான்காவது பழத்தில் அவன் என் கையைப் பிடித்தான்.

"கனாயே, இன்னிக்கு ஏன் இவ்வளவு சுத்தமா உரிக்கிற?"

மாமா, அதற்கப்புறம் என் வாயிலிருந்து வந்தது என் குரலே இல்லை. "ஏன்னா எனக்குக் கோபம்! அந்த மாடி ரூம் எனக்கு வேண்டாம்! என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ? எனக்குப் பட்டறை இல்லையா? நான் என்ன உன் வண்டியில அள்ளிக் கொட்டற பனியா?" என்று கத்தினேன். எண் கூப்பிடுகிற இயந்திரம்கூட நின்ற மாதிரி இருந்தது. ஓய்வூதிய வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவன் எழுந்து நின்றான். அவனும் கத்தினான். "அப்பவே சொல்றதுக்கென்ன? புது வருஷத்தன்னிக்குப் பத்தொன்பது பழம் தின்னேன்! மூணு நாள் வயிறு உப்பிக் கிடந்தேன்! ஆசையாத் தர்றியேன்னு தின்னேன்டி!"

"அது ஆசை இல்ல, கோபம்!"

"எனக்கு எப்படித் தெரியும்? பழத்துல எழுதியா இருக்கு?"

அப்போது கவுண்டர் அம்மா மெதுவாக வந்து, எங்கள் பக்கத்தில் குனிந்து, ரொம்பக் கனிவாக, "உங்களுக்கு இப்ப எந்தப் படிவம் தேவைப்படும்னு..." என்று பச்சைக் கோட்டுப் படிவத்தை நீட்டினார்.

"எங்ககிட்டயே ஒண்ணு இருக்குங்க," என்றேன் நான், கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டி.

ஷூஹெய் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி, அம்மா, நீங்கள், தட்டுகள். கேட்டுவிட்டு, மீதியிருந்த இரண்டு பழத்தில் ஒன்றை எடுத்து, தோலை மட்டும் உரித்து, நாரோடு வாயில் போட்டுக்கொண்டான். "எனக்கு இதுதான் பிடிக்கும். வயித்துக்கும் நல்லது. நீ சுத்தம் பண்ணித் தந்ததால சொல்லாம இருந்தேன்" என்றான். பாருங்கள், அவனும் சொல்லாமலே இருந்திருக்கிறான்.

பண்ணைக்குப் போகவில்லை. அவன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினான். அந்த அம்மா, "அப்பாடா! மாடி ரூம்ல நான் பூண்டு காயப் போட்டிருக்கேன், எடுக்கச் சொல்வீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றாராம்.

அம்மாவிடம் அலுவலகத்தில் கத்தியதைச் சொன்னேன். "நாலு பேர் முன்னாலயா? வெட்கமா இல்ல உனக்கு? நம்ம வீட்டுல யாராவது..." என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் என்னைத் திட்டினாள். மாமா, அம்மா என்னைத் திட்டினாள்! கடைசியில் அழுதாள். "அந்த ஆள்கிட்ட ஒரு தடவை இப்படிக் கத்தியிருக்கலாம்டி" என்றாள். குடையை என்ன செய்தாய் என்று கேட்டாள். மாதிரிப் பல் செய்யும்போது சுண்ணாம்பு சிந்தாமல் கீழே விரிக்கிறேன் என்றேன். நல்ல தடித்த தாள்.

நாங்கள் நிறையச் சண்டை போடுவோம் என்று நினைக்கிறேன். முடிவு எப்படியோ தெரியாது.

படிவத்தைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். திருத்திக் கொடுங்கள். இந்தத் தடவை வேண்டுமென்றேதானே எழுதினீர்கள்?

முழங்கால் எப்படி இருக்கிறது?

கனாயே


தோகிஷிமா தீவு
மார்ச் 15

நகராட்சி அலுவலகத்தை நடுங்கவைத்த வீராங்கனைக்கு,

முழங்கால் நேற்று நடனம் ஆடியது. இன்று அதற்காக வருந்துகிறது. நீ சௌக்கியமா என்று கேட்க வேண்டியதில்லை. உன் சத்தம் இங்கே மரத்திலிருந்த கடைசிப் பழங்களை உதிர்த்துவிட்டது.

திருத்திய படிவம் இத்துடன். 1247. மீன்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, என் வீட்டு வாசல் பலகையைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக எழுதினேன்.

வேண்டுமென்றா என்று கேட்டாய். உன் குடையில் போட்டது வேண்டுமென்றுதான். நவம்பர் கடைசியில் அக்கா அந்தப் படிவத்தோடு வந்தபோது மறுக்க எனக்குத் தைரியமில்லை, இருந்த தைரியத்தில் ஓர் ஓட்டை போட்டேன். ஆனால் உன் கல்யாணப் படிவத்தில் எழுதியது சத்தியமாகக் கைத்தவறு. கைக்கு அதுவே பழகிவிட்டிருக்கிறது. இதை நீ நம்பமாட்டாய். ஒருவரும் நம்பமாட்டார்கள். முதல் கடிதத்திலேயே எச்சரித்தேன்.

யோஷிகிக்கு ஒரு பெட்டி பழம் அனுப்பினேன், மேலே ஒரு சீட்டோடு: 'அந்த முப்பத்திரண்டைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அத்தான். மன்னியுங்கள்.' சாயோவுக்கும் ஒரு கடிதம் போட்டேன். பதினெட்டு வருஷமாயிற்று. என்ன கோபம் என்று அவள் கேட்டாளே, அதற்குப் பதில். மூன்றே வரி. ஆக்டோபஸ் இல்லை. பதில் வராது. வர வேண்டுமென்று எழுதவும் இல்லை. ஆனாலும் தபால்காரர் வரும்போது சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொள்கிறேன்.

கணக்குத் தீர்க்கும் நாள் இது, சொல்லிவிடுகிறேன். பிட்சு படகில் ஏறவே இல்லை. முட்டை திரும்பிப் போகவில்லை. கொடிக்கம்பத்தில் கப்பல் இல்லை. புயல் இல்லை, அக்கா சொன்னதுபோல் வெறும் தூறல்தான். நான் மீன் பிடிக்கவும் போகவில்லை. எனக்குக் கடலில் தலைசுற்றும். அந்த நான்கு நாளும் என் பழக்கிடங்கில், பெட்டிகளுக்குப் பின்னால், சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் உள்ளே உன் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

நான் சொன்ன அத்தனையும் புளுகு, கனாயே. ஒரு சின்ன விஷயத்தைத் தவிர. படிவம் ஒன்று, எண் ஒன்று, அது தப்பாக இருந்தது நிஜம். முப்பத்திரண்டு பழத் தட்டு என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. வாயால் சொல்லத் தெரியவில்லை. கையில் பேனா இருந்தது.

அந்த முதல் 1274 கைத்தவறு இல்லை.

உன் மாமா
இஸாகு